சுகர் இருக்கிறது, லோ கார்ப் சாப்பாடு, இனிப்பும் வேண்டும்: ஐந்து வழிகளில் எது யாருக்கு?

மன்னார்குடியிலிருந்து என் சித்தி மகள் போன வாரம் போன் பண்ணினாள். "அண்ணே, மாமாவுக்குச் சோத்தைக் குறைச்சாச்சு, இட்லியும் ரெண்டோட சரி. ஆனா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஏதாவது இனிப்பு குடும்மான்னு அடுப்படி வாசல்ல வந்து நிக்கிறாரு. நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடுக்கவா, கடையில சுகர் ஃப்ரீ ஸ்வீட் வாங்கவா, இல்ல அந்த ஸ்டீவியாவா?"

இதே கேள்வியை இந்த வருஷம் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எனக்குச் சுகர் வந்து 11 வருஷம், லோ கார்ப் பக்கம் வந்து 4 வருஷம் ஆகிறது. நான் டாக்டர் இல்லை. ஆனால் திருவையாற்றில் அசோகா என்கிற பாசிப்பருப்பு அல்வா கிண்டுகிற நெய் வாசனையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன் என்பதால், இருக்கிற வழி அத்தனையையும் ரத்தச் சர்க்கரை பார்க்கிற மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்துவிட்டேன்.

இனிப்பை அடியோடு விட்டுவிடு என்று சொல்வது லேசு. நம் பக்கத்தில் ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி, பிள்ளையார் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை, கார்த்திகைக்குப் பொரி உருண்டை, மார்கழியில் அக்காரவடிசல், தை பிறந்தால் சர்க்கரைப் பொங்கல், கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் ஓரத்தில் ஒரு இனிப்பு. வருஷம் முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்த மனுஷன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் போய் அரைக் கிலோ டப்பாவோடு தனியாக உட்கார்ந்துவிடுவதைச் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். அதனால் எது சரிப்பட்டு வரும் என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் முறை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, ஒரு வேளைக்கு நாம் உண்மையில் சாப்பிடுகிற அளவில் எத்தனை கிராம் கார்ப் இருக்கிறது என்பது. கார்ப் என்றால் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த கணக்கு. லோ கார்ப் என்று பொதுவாகச் சொல்வது ஒரு நாளைக்கு 130 கிராமுக்குள், கடுமையாக இருப்பவர்கள் 50 கிராமுக்குள். அதற்குள் ஒரு இனிப்புக்கு நான் எனக்கு வைத்திருக்கும் வரம்பு 10 கிராம்.

அடுத்தது மீட்டர். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்து 2 மணி நேரம் கழித்து ஒரு தடவை. சாப்பாட்டுக்குப் பின் 180-க்குள் என்பது பெரும்பாலானவர்களுக்குச் சொல்லப்படும் இலக்கு, உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் உங்களுக்கு. ஒரே இனிப்பு எனக்கு 30 ஏற்றும், உங்களுக்கு 70 ஏற்றும், அதனால் ஸ்ட்ரிப் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

அப்புறம் பணம், வயிறு. கடைசியாக, யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று: அதைச் சாப்பிட்டால் ஆசை அடங்குகிறதா, கிளறிவிடுகிறதா?

இந்த ஐந்தையும் விட முக்கியமாக நான் கற்றுக்கொண்டது வேறு. இனிப்பை எது தருகிறது என்று மட்டும் பார்க்கிறோம்; அது எந்த மாவில், எந்தப் பருப்பில், எவ்வளவு பாலில் கலந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. மீட்டரில் எண் எகிறுவது பாதி நேரம் அங்கிருந்துதான்.

## வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன்

"வெல்லம்தானேப்பா, அது உடம்புக்கு ஒண்ணும் செய்யாது" என்று என் பெரியம்மா சொல்லாத விசேஷம் கிடையாது. பாபநாசம் பக்கத்து வீரமாங்குடி அச்சு வெல்லத்தின் ருசியில் எனக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் 10 கிராம் சீனியில் 10 கிராம் கார்ப் என்றால், 10 கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 9. மிச்சம் ஈரப்பதமும் கொஞ்சம் தாதுக்களும். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் இதே கதைதான், உள்ளே இருப்பது பெரும்பாலும் சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ். தேன் கெட்டியானது, எடை அதிகம். ஒரு தேக்கரண்டி தேன் 7 கிராம் வரும், அதில் 6 கிராம் கார்ப். ஒரு தேக்கரண்டி சீனியில் 4 முதல் 5 கிராம்தான்.

இதில் மறைந்திருக்கும் செலவு, தைரியம். நல்லது என்று நினைத்துவிட்டால் கை தாராளமாகிவிடும். சுகர் வந்த புதிதில் நான் காபியில் சீனியை நிறுத்தி நாட்டுச்சர்க்கரைக்கு மாறினேன், சீனி ஒரு ஸ்பூன் போட்ட இடத்தில் இது இரண்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். மூன்று மாசம் கழித்து எடுத்த எச்பிஏ1சி (கடந்த மூன்று மாசச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.4-லிருந்து 7.9-க்கு ஏறியிருந்தது. இரும்புச்சத்துக்காக வெல்லம் என்கிறவர்கள், தோட்டத்தில் நிற்கிற முருங்கையில் நாலு ஈர்க்குக் கீரை பறித்துக்கொள்ளலாம்.

எப்போது வெல்லம் சரி? அசல் இனிப்பே ஒரு வாய் சாப்பிடுவது என்று முடிவு பண்ணிவிட்ட நாளில், ருசிக்காக. சுகர்காரருக்கான மாற்று என்ற பெயரில் வேண்டவே வேண்டாம்.

## கடையில் விற்கும் 'சுகர் ஃப்ரீ' இனிப்பு

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தீபாவளிக்கு, பேர் பெற்ற கடை ஒன்றில் சுகர் ஃப்ரீ லட்டு வாங்கினேன். சீனி இல்லையே என்று நாலு சாப்பிட்டேன். 2 மணி நேரத்தில் மீட்டர் 231 காட்டியது. லட்டு என்பது கடலை மாவு. கடலை மாவில் பாதிக்கு மேல் கார்ப். சீனியை எடுத்தார்களே ஒழிய மாவை எடுக்கவில்லை.

நம் ஊர் அசோகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணக்கில் ஒரு பங்கு பாசிப்பருப்புக்கு இரண்டு பங்கு சீனி, கொஞ்சம் கோதுமை மாவு, ஒரு பங்கு நெய். இப்படிக் கிண்டினால் 50 கிராம் அசோகாவில் தோராயமாக 27 கிராம் கார்ப் வரும். சீனியை எடுத்துவிட்டு சுக்ரலோஸ் என்கிற செயற்கை இனிப்பூட்டியைப் போட்டால் பூஜ்யமாகும் என்று நினைப்போம். ஆகாது. சீனி போனதும் மொத்த எடையும் குறைகிறது, அப்போது அதே 50 கிராமில் பருப்பும் மாவும் நெய்யும் முன்பை விட அதிகமாக நிற்கின்றன. கார்ப் 12 கிராம் பக்கம் இருக்கும், நெய் கூடும். பாதியாகக் குறைந்தது உண்மைதான், அது நல்ல விஷயம்தான், ஆனால் இரண்டு மடங்கு சாப்பிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

பால் இனிப்பும் அப்படித்தான். நீடாமங்கலம் பால்திரட்டு மாதிரி ஒன்றைச் சீனியே போடாமல் செய்கிறோம் என்று வையுங்கள். ஒரு லிட்டர் பாலில் லாக்டோஸ், அதாவது பாலில் இயல்பாகவே இருக்கிற சர்க்கரை, மட்டும் 48 கிராம் அளவுக்கு இருக்கிறது. பாலைச் சுண்ட வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், லாக்டோஸ் அப்படியே கோவாவில் தங்கும். லிட்டருக்கு 200 கிராம் கோவா தேறினால், 50 கிராமில் 12 கிராம் கார்ப். பனீர் வேறு, பாலைத் திரித்து வடிக்கும்போது லாக்டோஸில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது.

பேரீச்சை, அத்தி போட்டு 'சர்க்கரை சேர்க்காதது' என்று விற்கும் பர்பிகள் இன்னொரு வகை. காய்ந்த பேரீச்சையில் முக்கால் பங்கு கார்ப். அட்டையில் எழுதியது பொய் இல்லை, நம் உடம்புக்கு அதனால் லாபமும் இல்லை.

பிஸ்கட், சாக்லேட் வாங்கினால் பின்பக்கத்தில் மால்டிட்டால் என்று இருக்கிறதா பாருங்கள். இது சர்க்கரை ஆல்கஹால் வகை, பேரில் ஆல்கஹால் இருந்தாலும் போதைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சீனியளவு ஏற்றாது, ஆனால் ஏற்றும், சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் இண்டெக்ஸ் 35 பக்கம். அதோடு வயிறு. வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்த சுகர் ஃப்ரீ சாக்லேட்டில் அரைப் பட்டையை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கும்பகோணத்தில் பஸ் ஏறினேன், தஞ்சாவூர் வருவதற்குள் வயிறு இரைந்து முறுக்கி, அய்யம்பேட்டையிலேயே இறங்க வேண்டியதாகிவிட்டது.

கடையில் வாங்குவது சரியாக வரும் இடமும் உண்டு. விருந்தாளி வருகிறார், செய்ய நேரமில்லை, எல்லோரும் தட்டில் இனிப்பு எடுக்கும்போது அப்பாவும் ஒன்று எடுக்க வேண்டும். அப்போது பாதாம், முந்திரி, பனீர் இவற்றில் செய்ததா என்று கேட்டு 100 கிராம் மட்டும் வாங்குங்கள். முந்திரியிலும் 100 கிராமுக்கு 30 கிராம் கார்ப் உண்டு, பாதாம்தான் இருப்பதில் மேல். பெட்டியாக வாங்கி வீட்டில் வைக்காதீர்கள்.

## வீட்டிலேயே, மாற்று இனிப்பூட்டி போட்டு

தினசரி ஆசைக்கு எனக்கு நிலைத்து நின்றது இதுதான்.

என் மனைவி செய்வது தேங்காய்ப் பாதாம் துண்டு. 100 கிராம் தேங்காய்த் துருவலை வாணலியில் ஈரம் போகும் வரை வதக்கி, 100 கிராம் பாதாம் பொடி, இரண்டு ஸ்பூன் நெய், ஏலக்காய், 60 கிராம் எரித்ரிட்டால் (இதுவும் சர்க்கரை ஆல்கஹால் வகை இனிப்பூட்டிதான்) சேர்த்துக் கிளறி, சுருண்டு வந்ததும் தட்டில் தட்டி 12 துண்டு போடுவாள். தேங்காயில் 15 கிராம், பாதாமில் 21 கிராம் கார்ப், பங்கு போட்டால் துண்டுக்கு 3 கிராம். அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. எரித்ரிட்டால் கிட்டத்தட்ட முழுக்க உடம்பில் எரியாமல் சிறுநீரில் போய்விடுவதால் அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் எனக்கு 10, 15-க்கு மேல் ஏறினதே இல்லை.

ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் இரண்டு ஈடு வீணாக்கினோம். எரித்ரிட்டாலில் பாகு வராது. கம்பிப் பதம் வருமென்று கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், வரவே இல்லை. இறக்கி ஆறினதும் தட்டு முழுக்கக் கற்கண்டு மாதிரி பூத்து, கடித்தால் நறநறவென்று, நாக்கில் ஒரு சில்லிப்பு. அதனால் மிக்சியில் மாவாக அரைத்துவிட்டுக் கடைசியில் சேர்க்க வேண்டும். அதிரசம், மைசூர்பாகு மாதிரி பாகை நம்பியிருக்கும் எதையும் இதில் முயற்சி பண்ண வேண்டாம்.

ஸ்டீவியா, ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கிற இனிப்பூட்டி, சீனியை விட 200 முதல் 300 மடங்கு இனிப்பு, அதனால் சிட்டிகைதான். பாயசம், காபி மாதிரி நீராக இருப்பதற்குப் பொருந்தும், துண்டு போடுகிற இனிப்புக்குக் கனம் கொடுக்காது, கூடினால் கசக்கும். பாக்கெட்டில் டெக்ஸ்ட்ரோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருந்தால் வாங்காதீர்கள், அவை இரண்டுமே கார்ப். அஸ்பார்ட்டேம் என்கிற செயற்கை இனிப்பூட்டி சூட்டில் இனிப்பை இழந்துவிடும், அடுப்புக்கு ஆகாது. சுக்ரலோஸைக் கொதிக்கிற பாலில் போடலாம், ஆனால் 120 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் கெடுதலான குளோரின் சேர்மங்கள் உண்டாகலாம் என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2019-இல் எச்சரித்தது, ஆகவே பொரிப்பது, வறுப்பது, ஓவனில் வைப்பது இவற்றுக்கு வேண்டாம்.

பயமுறுத்தும் செய்திகளும் உங்கள் போனுக்கு வந்திருக்கும். 2023-இல் எரித்ரிட்டால் ரத்தத்தில் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று ஓர் ஆய்வு வந்தது. அது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை, நம் உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டாலை உண்டாக்குகிறது என்பதும் அதில் ஒரு சிக்கல். ஆனாலும் இதய நோய் ஏற்கெனவே இருப்பவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் தினமும் கிலோக் கணக்கில் வாங்கிக் கொட்டிக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். அதே வருஷம் மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் குறைக்க இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது, அந்த வரியை மட்டும் யாரும் பகிர்வதில்லை.

பணம் அதிகம், மறுக்கவில்லை. எரித்ரிட்டாலும் பாதாமும் சீனி, கடலை மாவு விலைக்குப் பக்கத்தில் வராது. அடுப்படியில் நிற்க ஓர் ஆளும் வேண்டும், வீட்டில் பெண்கள் மேல் இன்னொரு வேலையைச் சுமத்துகிறோம் என்பதும் செலவுதான். இந்தத் துண்டு போடுவதை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்கிறேன்.

## பழம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொய்யா 100 கிராமில் 14 கிராம் கார்ப், அதில் 5 நார். பப்பாளி 100 கிராமில் 11. இவை இரண்டும் கொல்லையிலேயே காய்ப்பவை, காசு கிடையாது, வயிற்றுக்கு நல்லது. பலாவில் 100 கிராமுக்கு 23, வாழைப்பழம் நடுத்தரமானது ஒன்றில் 27 வரை. மாம்பழம் 15 என்று கேட்க நன்றாக இருக்கும், ஆனால் யார் 100 கிராமோடு நிறுத்துகிறார்கள்? ஜூஸ் எதுவும் வேண்டாம், கடித்துத்தான் சாப்பிட வேண்டும்.

நாளைக்கு 130 கிராம் அளவில் இருப்பவர்களுக்குத் தினமும் பாதிக் கொய்யா நல்ல வழி. 50 கிராமுக்குள் இருப்பவர்களுக்குக் கஷ்டம். கல்யாண வீட்டு ஆசையைப் பப்பாளி தீர்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

## அசல் இனிப்பே, ஒரு வாய்

போன ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபப் படித்துறையில் அம்மா எவர்சில்வர் சம்படத்தைத் திறந்தார்கள். ஊறின பச்சரிசி, வெல்லம், தேங்காய்க் கீற்று, பொட்டுக்கடலை, எள். ஆற்றில் தண்ணீர் இரு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. 78 வயதில் அவர்கள் கையால் கிள்ளிக் கொடுக்கிற காப்பரிசிக்குப் பதிலாக எந்த மாற்று இனிப்பையும் நான் வைக்க முடியாது. ஒரு மேசைக்கரண்டி அளவு வாங்கிக்கொண்டேன், ஏறத்தாழ 10 கிராம் கார்ப். மெதுவாக, ஒவ்வொரு அரிசியாக மென்று. அன்று மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தேன். வெந்த சோறு 50 கிராமில் 14 கிராம் கார்ப், ஈடு செய்தாகிவிட்டது.

இந்த வழிக்கு மூன்று கட்டுப்பாடு உண்டு. வெறும் வயிற்றில் வேண்டாம். காய், கீரை, முட்டை, மீன் என்று சாப்பிட்டு முடித்த பிறகு கடைசியாக இனிப்பு. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடை. பதிலுக்குச் சோற்றில் குறைப்பது. இதைச் செய்தால் 20 கிராம் அசோகா, அதாவது 11 கிராம் கார்ப், எனக்கு 180-ஐத் தாண்டுவதில்லை.

பணச் செலவு இல்லை, ருசியில் குறை இல்லை, பந்தியில் ஒதுங்கி நிற்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு வாய் சிலருக்கு ஒரு வாயாக நிற்காது. என் சிநேகிதர் ஒருவருக்கு ஒரு ஜிலேபி தொட்டால் அடுத்த மூன்று நாள் சோறும் பரோட்டாவும் தானாக வந்துவிடும், அவர் மனதைத் தெரிந்துகொண்டு அசலை விட்டுவிட்டார், தேங்காய்த் துண்டோடு நிம்மதியாக இருக்கிறார். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். எச்பிஏ1சி 9, 10 என்று நிற்கும்போதும் இந்த வழி வேண்டாம், முதலில் அது இறங்கட்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஒரு வேளை அளவு | கார்ப் (தோராயம்) | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு, எப்போது |
|---|---|---|---|---|
| வெல்லம், நாட்டுச்சர்க்கரை | 10 கிராம் | 9 கிராம் | நல்லது என்று நினைத்து அளவு கூடுதல் | மாற்றாக யாருக்கும் வேண்டாம் |
| கடை சுகர் ஃப்ரீ | 50 கிராம் | 12 கிராம், மாவைப் பொறுத்து மேலும் | மாவு, பால், மால்டிட்டால், வயிறு | விருந்தாளி வரும் அவசரத்துக்கு |
| வீட்டுத் தேங்காய்ப் பாதாம் துண்டு | 2 துண்டு | 6 கிராம், நார் போக 3-க்குள் | பணம், அடுப்படி வேலை | தினம் ஆசை வருகிறவர்களுக்கு |
| கொய்யா | 100 கிராம் | 14 கிராம், நார் போக 9 | பழக்கடையில் மற்ற பழமும் கைக்கு வரும் | கடுமை இல்லாத லோ கார்ப் |
| அசல் அசோகா | 20 கிராம் | 11 கிராம் | நிறுத்த முடியாமல் போவது | விசேஷ நாள், மனக்கட்டு உள்ளவர் |

## மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் இதைப் படிக்காமல் போக வேண்டாம்

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே சோற்றையும் இனிப்பையும் திடீரென்று குறைத்தால் லோ சுகர் வரும். டோஸ் மாற்ற வேண்டியிருக்கும், அதை டாக்டர்தான் மாற்ற வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள்) எடுப்பவர்கள் கடுமையான லோ கார்ப் போனால், சுகர் எண் சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிற கீட்டோஅசிடோசிஸ் வரும் ஆபத்து உண்டு. சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

70-க்குக் கீழே போய்க் கை நடுங்கி வியர்த்தால், மேலே எழுதின எதையும் பார்க்காதீர்கள். 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சீனி தண்ணீரில் கலந்து உடனே, 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதனை. ஸ்டீவியா போட்ட எதுவும் அந்த நேரத்துக்கு உதவாது. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனியும் சீக்கிரம் வேலை செய்யாது, ஏனென்றால் சீனி குடலில் உடைவதைத்தான் அந்த மருந்து தாமதப்படுத்துகிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடிதான் இருக்க வேண்டும்.

மன்னார்குடிக்காரிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அவள் மாமாவுக்கு ஆசை தினமும் ராத்திரி வருகிறது, விசேஷத்துக்கு அல்ல, அதனால் தேங்காய்த் துண்டு. சாப்பாட்டோடு சேர்த்து, தனியாக 10 மணிக்கு மேல் அல்ல. ஸ்ட்ரிப் ஒரு டப்பா, ஒரு சின்ன நோட்டு. மாத்திரைப் பட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், அதில் வோக்லிபோஸ் இருந்தது. வீட்டில் குளுக்கோஸ் பொடி இல்லை. அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் வாங்கிவந்து, மாமா படுக்கும் கட்டில் பக்கத்து மாடத்தில் ஒரு ஸ்பூனோடு வைத்துவிட்டாள்.